கிடை காக்கும் பையன்

திருநெல்வேலிச் செம்மறிகளுக்கு மயிர் கத்தரிக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. யூடியூபில் ஆஸ்திரேலியப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல எந்த மாசம்க்கா கத்தரிப்பாங்க?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். கம்பளி தரும் ஆடுகள் தமிழ்நாட்டில் உண்டு. நீலகிரி, கோயம்புத்தூர், திருச்சி கருப்பு ஆகிய இனங்கள் அப்படிப்பட்டவை. நம் பக்கத்து ஆடுகள் வேறு. கரும்பழுப்பு உடம்பும் கறுத்த வயிறுமாக இருக்கும் கீழக்கரிசல், வெள்ளையில் செந்திட்டுகள் விழுந்த வேம்பூர் பொட்டு ஆடு, செவ்வாடு. இவற்றுக்கெல்லாம் குட்டை முடிதான். வெயில் நாட்டுக்கு ஏற்ற தோல். அந்த முடியைக் கத்தரித்து யாரும் விற்பதில்லை.

ஆனாலும் நம் ஆடுகளுக்கு ஓர் அறுவடைக் காலம் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசி. அறுவடை செய்வது ஆட்டுப்புழுக்கையையும் மூத்திரத்தையும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான நெல் மாசி, பங்குனியில் அறுபட்டுவிடும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையிலிருந்து ஜூன் 1 அன்று தண்ணீர் விடுவது வழக்கம். நடுவில் உள்ள அந்த மாதங்களில் வயல் வெறும் தாளோடு கிடக்கும். அப்போதுதான் கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் மந்தைகள் ஆற்றங்கரைக்கு இறங்கும். பகலில் மேய்ச்சல், இரவில் வயலில் அடைப்பு. இதற்குப் பெயர் கிடை போடுவது. முன்பு மூங்கில் படல், இப்போது நைலான் வலை. இன்று இந்த வயல் என்றால் நாளை அடுத்த வயல். குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைக்கக் கொடாப்பு. வயல்காரர் ஓர் இரவுக்கு இத்தனை ஆட்டுக்கு இவ்வளவு என்று பணம் தருவார். சிலர் அரிசியும் சேர்த்துக் கொடுப்பார்கள். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்பது இந்த ஊர்ச் சம்சாரிகளின் கணக்கு. ஆட்டெரு போட்ட உடனேயே பயிருக்குப் பிடிக்கும்.

அந்த மாணவியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஒரு கிடைக்கு ஒரு சித்திரை மாதத்து மாலையில் போனேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில் விளங்கும்.

பொழுது சாயும்போது ஆடுகள் வந்து சேர்ந்தன. கீதாரிக்கு அறுபது வயது இருக்கும். தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு, வலையின் வாசலில் நின்று இரண்டிரண்டாக எண்ணினார். நானூற்றுச் சொச்சம். மூன்று பேருடைய ஆடுகள் ஒரே மந்தையில். ஆனால் எந்த ஆடு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. காதில் வெட்டியிருக்கும் அடையாளம் பிரித்துச் சொல்லிவிடும்.

"வாங்க தாயி, உக்காருங்க" என்று சாக்கை விரித்துப் போட்டார். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த ஆடு எத்தனை ஈத்து, எந்தக் கிடாயை எந்தச் சந்தைக்கு ஓட்டுவது, எந்த ஊரில் தண்ணீர் தர மறுப்பார்கள், எந்த ஊரில் மேய்ச்சலுக்குத் தகராறு வரும் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆடுகளுக்குப் பின்னால் கடைசியாக ஒரு பையன் வந்தான். தோளில் ஒரு நொண்டிக் குட்டி.

"அது யாரு அண்ணாச்சி?"

"நம்ம பையன்தான்."

பிறகு கொடாப்புகளைத் தூக்கி வைக்கும்போது அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது பதிமூன்று.

"எது வரைக்கும் படிச்ச?"

"ஆறாப்புல பாதிக்கா."

"கடைசியா எப்ப வீட்டுக்குப் போன?"

"தீவாளிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க."

"போனியா?"

"அப்ப குட்டி ஈனுற நேரம்."

அம்மாவின் போன் நம்பர் அவனுக்குத் தெரியாது. அது கீதாரியின் போனில் இருந்தது. ராத்திரி காவலும் அவன்தான். நாயும் நரியும் திருடனும் வராமல் வலையைச் சுற்றி வர வேண்டும். தூங்குவது வரப்பில்.

அவன் அந்த மந்தைக்காரர்களின் சாதி இல்லை, சொந்தமும் இல்லை. கிழக்கே ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்த பட்டியல் சாதிப் பிள்ளை. அப்பாவின் ஆபரேஷனுக்காக அம்மா 25,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். இரண்டு வருஷம் ஆடு மேய்த்தால் கழியும் என்பது வாய்ப்பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. முதல் வருஷமே இரண்டு குட்டிகளை நாய் கடித்துவிட்டது. அந்தக் குட்டிகளின் விலையும் அவன் கணக்கில் ஏறியது. ஆடு தொலைந்தால் கடன் கூடும், கடன் கூடினால் வருஷம் கூடும்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்தவர்களுக்கு இந்தப் பையனை முன்பே தெரிந்திருக்கும். கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் அதில் வருகிறான். அது கொங்குநாட்டு மேட்டுக்காடு, இது நெல்லை நஞ்சை. இரண்டிலும் பெரியவர் வாங்கிய பணத்தைப் பிள்ளையின் உடம்பு அடைக்கிறது.

சட்டம் இதை என்ன பெயரால் அழைக்கிறது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். கொத்தடிமை என்றதும் பூட்டிய செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நம் கண்முன் வருகின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 பூட்டைத் தேடவில்லை. முன்பணம் ஒன்று இருந்து, அதற்குப் பதிலாக ஒருவர் தாமோ தம் குடும்பத்தாரோ உழைக்க வேண்டியிருந்து, அதனால் வேறிடம் போகும் உரிமையோ, வேறு வேலை தேடும் உரிமையோ, குறைந்தபட்சக் கூலியோ பறிபோனால் போதும். அது கொத்தடிமைதான். இந்தப் பையனிடம் மூன்றுமே இல்லை. ஆசியாட் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்புச் சட்டம் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று சொன்னது. பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

அதே 1976 சட்டத்தின் 6ஆம் பிரிவு, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பையே ரத்து செய்கிறது. "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்கும் சுமையை 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மேல் வைக்கிறது. தொழிலாளி பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் சேரும். பிள்ளை என்றால் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 79ஆம் பிரிவும் சேரும். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கிடை ஓர் இடத்தில் நிற்பதில்லை. நீங்கள் மனு எழுதி முடிப்பதற்குள் அது அடுத்த தாலுகாவுக்குப் போயிருக்கும்.

தாமிரபரணி என்றால் நமக்கு 1999 ஜூலை 23 நினைவுக்கு வரும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, 17 பேர் அந்த ஆற்றில் செத்தார்கள். ஆண்டுதோறும் அங்கே நாம் கூடுகிறோம். அந்தத் தொழிலாளர்களால் ஊர்வலம் போக முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் ஒரே இடத்தில் ஒன்றாக இருந்தார்கள். லயன் வீடுகள் இருந்தன, சங்கம் இருந்தது. கிடைப் பையனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்த கிடையில் இன்னொரு பையன் இருந்தாலும் இவனுக்கு அவனைத் தெரியாது. அவன் கோரிக்கை வைக்க வேண்டுமென்றால், முதலில் யாராவது ஒருவர் அந்த வயலுக்குப் போக வேண்டும்.

கீதாரியை வில்லனாக்கிவிட்டு வந்துவிடுவது சுலபம். அவரும் வீடு வாசலை விட்டு மாதக்கணக்கில் மரத்தடியில் கிடப்பவர். வட்டிக்கு வாங்கித்தான் ஆடு பிடித்திருக்கிறார். அவருடைய பேரன்கள் பள்ளிக்குப் போகிறார்கள். இந்த வேலைக்கு அவர்கள் வர மாட்டார்கள். அந்தக் காலியிடத்தில்தான் காலனிப் பிள்ளை வந்து நிற்கிறான். கஷ்டப்படுகிறவர் என்பது அவர் செய்ததற்கு விளக்கம் ஆகலாம், விலக்கு ஆகாது. தன் கஷ்டத்தை யார் தலையில் இறக்கலாம் என்று தேடும்போது, சாதி அவருக்கு ஒரு முகவரி கொடுக்கிறது.

வயல்காரரின் கைகள் இன்னும் சுத்தம். அவர் ஆள் வைக்கவில்லை, எருவை விலைக்கு வாங்கினார், அவ்வளவுதான். டேவிட் லட்டன் இந்த மாவட்டத்தின் வேளாண் வரலாற்றை எழுதியபோது ஈரப் பகுதியையும் வறண்ட பகுதியையும் பிரித்துக் காட்டினார். ஆற்றோர நஞ்சையில் நிலம் பிராமணர், வேளாளர் கையில். சேற்றில் இறங்கியவர்கள் பள்ளர்கள். இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றில் ஏழு ஆங்கிலேயர் காலத்துக்கு முந்தியவை. அத்தனை நூற்றாண்டு வாய்க்கால்களைத் தூர் வாரிய கைகளுக்கு எந்தப் பட்டாவிலும் பெயர் இல்லை. கிடைப் பையனின் பெயரும் எந்தக் கணக்கிலும் இல்லை. வயல்காரர் கணக்கில் ஆடுகளின் எண்ணிக்கையும் இரவுகளின் எண்ணிக்கையும் மட்டும் உண்டு.

இப்போது இயற்கை விவசாயத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. கிடை எருவைப் புகழ்ந்து காணொளிகள் வருகின்றன. நானும் ரசாயன உரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கிடை நல்ல முறை, மண்ணுக்கும் மந்தைக்கும் நல்லது. பெரியவர் ஒருவரைக் கூலி கொடுத்து இரவுக் காவலுக்கு வைத்தாலும் அது நல்ல முறையாகவே இருக்கும். எருவின் விலை கொஞ்சம் ஏறும். அந்த வித்தியாசத்தைத்தான் இன்று ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை தன் தூக்கத்தால் ஈடுகட்டுகிறான். 'நஞ்சில்லா உணவு' என்று பை அச்சடிப்பவர்கள் இதையும் விசாரித்துவிட்டு அச்சடிக்கலாம்.

அந்தப் பையன் வெளியே வந்துவிட்டான். 1098க்குத் தகவல், வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுத்து மனு, குழந்தைகள் நலக் குழு என்று மூன்று வழியிலும் ஒரே நாளில் போனோம். "ஆடு மேய்க்கிற பசங்க சொந்தக்காரப் பசங்களாத்தான் இருப்பாங்க" என்று ஓர் அலுவலர் சொன்னார். பையனை மீட்பதற்கு ஒரு நாள் ஆனது. விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அந்தத் தாள் முக்கியம். அது இல்லாமல் கடன் ரத்தானதற்கு ஆதாரம் இல்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிள்ளைகளுக்கு மொத்தம் 2 லட்சமும் உண்டு. முழுத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். அதற்குள் வீட்டில் அடுத்த ஆபரேஷன் வந்தால் அடுத்த முன்பணம்தான்.

பள்ளியில் அவனை மறுபடி ஆறாம் வகுப்பில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. அதைக் காட்டி எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கில் அவன் மோசமில்லை. நானூறு ஆட்டை இருட்டில் எண்ணியவன்.

களத்துக்குப் போகும் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். "நீ கொத்தடிமையா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். எப்போது வீட்டுக்குப் போனாய், காசை யார் வாங்கினார்கள், ஆடு செத்தால் யார் கணக்கு, இப்போதே கிளம்பிப் போகலாமா என்று கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் 1976 சட்டத்தின் வரையறை. முதலாளி முன்னால் கேட்காதீர்கள். முகத்தைக் காட்டி ரீல்ஸ் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. நான் ஊரைச் சொல்லாததும் இதனால்தான். முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைச் சட்டப் பிரிவு இருக்கிறதா என்று அன்றைக்கே படித்துப் பாருங்கள். எங்களுக்கு முதலில் அது இல்லை. சண்டை போட்டுத்தான் சேர்த்தோம். மாவட்டக் கண்காணிப்புக் குழு 13ஆம் பிரிவின்படி இருந்தாக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக என்றைக்குக் கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

வருகிற பங்குனியில் பிசான அறுப்பு முடிந்ததும் கிடைகள் மறுபடி ஆற்றங்கரைக்கு வரும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் உள்ளவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வயல் பக்கம் போனால் பார்க்கலாம். ஆடுகளை அவர்களே எண்ணிவிடுவார்கள். மந்தைக்குப் பின்னால் வருகிறவன் யார் என்று நீங்கள் விசாரியுங்கள்.