நண்பர்கள் பட்டியலுக்கு விசா கிடையாது

வளைகுடாவில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். வகுப்பில் புதிதாக ஒருவன் வந்து உட்கார்ந்தால் முதல் கேள்வி, "உனக்கு எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி, "எத்தனை வருஷம் இருப்பீங்க?" யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவின் வேலை இருக்கும்வரை விசா. விசா இருக்கும்வரை பள்ளிக்கூடம், ஃபிளாட், நண்பர்கள். அமீரகத்தில் பெற்றோர் தங்கள் ஸ்பான்சரில் மகனை வைத்துக்கொள்ளும் வயது வரம்பு 2022 அக்டோபரில்தான் 25 ஆக உயர்ந்தது. அதற்கு முன்பு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பாதி வகுப்பு ஊருக்கோ கனடாவுக்கோ கிளம்பிவிடும்.

ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் கட்டடத்தில் விளையாட இருந்த ஒரே இடம் கார் பார்க்கிங். நாத்தூர் துரத்துவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் அவரைவிடக் கண்டிப்பாகத் துரத்தும். அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெருமுனை எப்படியோ, எங்களுக்கு பிளேஸ்டேஷன் 4-இன் பார்ட்டி சாட் அப்படி. ஹெட்செட்டை மாட்டினால் யாராவது இருப்பார்கள். கேம் ஆடியே ஆகவேண்டும் என்றில்லை. ஒருவன் ஃபிஃபா ஆடுவான், இன்னொருவன் கிரிக்கெட் ஆடுவான், மூன்றாமவன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே பேசுவான்.

கன்சோல் செய்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் லைவைத் தொடங்கியபோதே நண்பர்கள் பட்டியலும் மைக்கும் அதில் இருந்தன. 2008 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு பார்ட்டி வந்தது. எட்டுப் பேர் வேறு வேறு கேம் ஆடிக்கொண்டே ஒரே அறையில் இருப்பதுபோல் பேசலாம். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, கன்ட்ரோலரிலேயே ஷேர் என்று ஒரு பட்டனை வைத்துவிட்டது. கேம் ஒரு சாக்கு, ஆட்கள்தான் விஷயம்.

எங்கள் பார்ட்டியில் அதிகம் சத்தம் போடுகிறவன் மூன்றாம் மாடிக்காரன். 2020-இல் கொரோனா வந்தபோது அவன் அப்பாவுக்கு வேலை போனது. அந்த மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் இடம் கிடைத்ததும், குடும்பமே திருநெல்வேலிக்குக் கிளம்பியது. வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போக முடியாத காலம் அது. பெட்டிகளை இறக்கும்போது லிஃப்ட் வாசலில் முகக்கவசத்தோடு கையாட்டியதோடு சரி. அவன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே பிளேஸ்டேஷன் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து அவன் பெயர் ஆன்லைனில் தெரிந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா முடிந்துவிட்டது. வீட்டில் கேட்கிற நிலைமை இல்லை. சந்தா இல்லாமல் எங்களோடு ஆன்லைனில் ஃபிஃபா ஆட முடியாது. பார்ட்டியில் பேச மட்டும் சந்தா தேவையில்லை. அதனால் தினமும் வந்து உட்கார்ந்தான். நாங்கள் ஆடுவோம், அவன் பார்க்காமலேயே கமென்ட்ரி சொல்வான்.

அப்போதுதான் ஷேர் ப்ளே ஞாபகம் வந்தது. 2014 அக்டோபரில் வந்த வசதி அது. என் திரையை நண்பன் அவன் டிவியில் பார்க்கலாம். கன்ட்ரோலரையும் அவனுக்கு "கொடுக்கலாம்". அந்த கேம் அவனிடம் இருக்கவேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 60 நிமிடம், பிறகு மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். ஷார்ஜாவில் என் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். திருநெல்வேலியில் அவன் விரல் அசைய, என் டிவியில் பந்து உருண்டது. கொஞ்சம் இழுத்தது, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவன் கோல் போட்டான். எங்களுக்கு இரவு பத்தரை, அவனுக்குப் பன்னிரண்டு. பின்னாலிருந்து அவன் அம்மா, "அந்த சனியன அமத்திட்டுப் படுல" என்று சொன்னது ஷார்ஜா, தம்மாம், டொராண்டோ மூன்று வீட்டிலும் கேட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "சரி ஆன்ட்டி" என்றோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிளேஸ்டேஷன் கணக்கைத் தொடங்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதைப் பிறகு மாற்ற முடியாது. குடும்பத்தின் விசா ரத்தானது, எமிரேட்ஸ் ஐடி ரத்தானது. கணக்கு மட்டும் அவனை இன்னும் அமீரகவாசி என்கிறது. இந்தியக் கடையில் வாங்கிய கார்டு அதில் ஏறாது என்று அவனுக்குக் கடுப்பு. எங்களுக்குச் சிரிப்பு. "டேய், நம்ம கூட்டத்துல நீ ஒருத்தன்தான்டா இங்க பெர்மனன்ட்!" சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தும் நம்மில் யாருக்கும் கிடைக்காத ஒன்றை ஒரு கேம் கணக்கு கொடுத்திருக்கிறதே!

ஆனால் இந்தத் தெருவும் நிரந்தரம் இல்லை. ஆட்கள் நடந்து திரிந்து பேசிக்கொள்ள பிளேஸ்டேஷன் 3-இல் ஹோம் என்றொரு உலகம் இருந்தது. 2008-இல் திறந்தார்கள், 2015 மார்ச்சில் மூடினார்கள். நிண்டெண்டோவின் மீவெர்ஸில் பிள்ளைகள் கையால் படம் வரைந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அது 2012-இல் வந்து 2017 நவம்பரில் போனது. பிளேஸ்டேஷன் 4-இன் கம்யூனிட்டீஸ் 2021 ஏப்ரலில் நின்றது. கம்பெனி முடிவு செய்தால் காலி செய்யவேண்டியதுதான். வளைகுடாப் பிள்ளைகளுக்கு அது பழகிய விஷயம்.

எங்கள் பட்டியலில் தோஹாவிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். ஒரு மேட்ச்சில் தற்செயலாக "அய்யோ" என்று கத்தியதில் தமிழன் என்று தெரிந்து சேர்ந்துகொண்டவன். ஏழெட்டு மாதம் தினமும் வந்தான். பிறகு வரவில்லை. ஊருக்குப் போனானா, கன்சோலை விற்றார்களா, தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அவன் ஐடி மட்டும். அது யாருடைய வீட்டுக் கதவையும் தட்டாது.

அதன் பிறகு எங்கள் பார்ட்டியில் ஒரு சட்டம் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஒருவன் எங்களோடு இருந்தால் அவன் சொந்தப் பெயர், ஊர், வீட்டில் ஒருவருடைய நம்பர், மூன்றையும் வாங்கிக்கொள்வோம். நம்முடையதையும் கொடுப்போம். இணையத்தில் பார்த்த எல்லோருக்கும் நம்பர் கொடுக்கச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பேசிப் பழகியவனுக்கு, வீட்டில் அம்மா அப்பாவுக்கும் தெரிந்து. கன்சோல் நமக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும். அவன் காணாமல் போனால் தேடித் தராது.

மூன்றாம் மாடிக்காரன் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். சந்தா கட்டுகிறான், சொந்தக் காசில். போன வாரம் என்னை 4-1 என்று தோற்கடித்தான். திரை இழுக்கிறது என்று நானும் ஒரு காரணம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.