அடியில் ஒரு ஓட்டை!

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸ். தடுக்கி விழுந்தால் படகு! வசந்தம் பிறந்ததும் படகுக்காரர்கள் ஒன்றுகூடி, குளிர்காலம் முழுக்கப் போட்ட சாக்ஸையெல்லாம் நெருப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள். நம்ம ஊர் போகி மாதிரி. (நாற்றம்? கேட்காதீர்கள்.)

அந்த சமயத்தில்தான் ஈஸ்ட்போர்ட் பகுதியில் ஒரு படகுப் பட்டறைக்குப் போனேன். நண்பரின் பாய்மரப் படகு கரையேறி, இரும்பு முட்டுகளின் மேல் நின்றது. பியர்ஸன் 30. 1974-ல் செய்த ஃபைபர்கிளாஸ் படகு.

"இன்னிக்கு அடியில ஓட்டை போடறோம்" என்றார் நண்பர்.

"ஏங்க, நல்லா மிதக்கற படகுக்கு எதுக்குங்க ஓட்டை?" என்றார் அவர் மனைவி.

நியாயமான கேள்வி. செஸபீக் விரிகுடா பார்க்கத்தான் கடல். சராசரி ஆழம் 21 அடிதான். படகின் கீலோ 5 அடி கீழே தொங்குகிறது. அசந்தால் சேறு! ஆழமானியை மட்டும் என்றால் உள்ளேயே ஒட்டிவிடலாம், கெட்டி ஃபைபர்கிளாஸை ஒலி ஊடுருவும். ஆனால் வேகம் காட்டும் குட்டிச் சக்கரம் தண்ணீரில் சுற்றியாக வேண்டுமே! அதனால் இரண்டுக்கும் சேர்த்து 2 அங்குலத்தில் ஒரே ஓட்டை. நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே அது திறந்துகொண்டால் ஒரே நிமிஷத்தில் 200 லிட்டர் டிரம் ரொம்பிவிடும். கோடையில் பேரப்பிள்ளைகள் வேறு ஏறப் போகிறார்கள்.

கீலுக்கு முன்னால் இடம் குறித்தார். பின்னால் வைத்தால் கீல் கலக்கிவிட்ட தண்ணீரில் கருவி உளறுமாம். உள்ளிருந்து மெல்லிய துளை, பிறகு வெளியிலிருந்து வட்ட ரம்பம். டிரில் அலறியது. நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை சைஸில் ஒரு வில்லை விழுந்தது. அதை எடுத்து விளிம்பைப் பார்த்தார். நடுவில் பால்ஸா மரம் இருந்தால் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி எபாக்ஸியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஏறி மரம் உளுத்துவிடும். இதில் மரமே இல்லை. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே கெட்டி!

"தாராளமா போட்டிருக்கான்யா!" முகத்தில் ரத்தம் திரும்பியது.

பசையைத் தடவிக் குழாயைச் சொருகினார். நட்டை நான் ஸ்பானரால் முறுக்கப் போக, பதறிப்போய்த் தடுத்தார். பசை முழுக்கப் பிதுங்கிவிட்டால் தண்ணீரை எது தடுக்கும்?

ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீரில் இறக்கினார்கள். பட்டைக் கயிற்றில் தொங்கவிட்டபடியே, டார்ச் அடித்துப் பார்த்தோம். சொட்டு ஈரமில்லை. சக்கரத்தில் பாசி, சிப்பி ஒட்டினால் மட்டும் உள்ளிருந்தே உருவித் துடைக்க வேண்டும். அந்த ஓரிரு விநாடி நீரூற்றுதான், உடனே மூடியைச் சொருக வேண்டும்.

"அந்த மூடி எங்க?" என்றார் மனைவி. நண்பர் சட்டைப்பையைத் தடவினார். அம்மணி அதைப் பிடுங்கி, குழாய்க்குப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டினார். மூன்று முடிச்சு!