பாதி விமானம், முழு மனிதர்

தில்லியில் பாலம் பகுதியிலுள்ள விமானப்படைக் காட்சியகத்திற்கு ஒருநாள் எம் பேரனை அழைத்துச் சென்றிருந்தோம். ஸ்பிட்பயர் என்னும் போர்விமானத்தின் எதிரே அவன் நின்றவன் நின்றவனே. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி அதையே உள்ளங்கையளவில் செய்து வைத்திருப்பவன் அவன். "தாத்தா, இதையே சின்னதா, நான் உட்கார்ந்து பறக்கிற மாதிரி செய்ய முடியாதா?" என்றான். குழந்தைப் பேச்சென்று சிரித்தோம். வீடு திரும்பிப் படித்த பின்னரே சிரித்தது பிழையெனத் தெரிந்தது.

ஸ்பிட்பயரை உருவாக்கிய சூப்பர்மரீன் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்பு பள்ளி ஆசிரியராயிருந்தவர் ஜான் ஐசக்ஸ் என்னும் ஆங்கிலேயர். மூலத்தில் பத்தில் ஆறு பங்கு அளவாக அவர் மரத்தால் அமைத்த ஸ்பிட்பயர் 1975 மே 5-ஆம் நாள் வானேறியது. மூலத்தின் இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 37 அடி. இதற்கு 22 அடியே. ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் இருந்த இடத்தில் 100 குதிரைத்திறன் எஞ்சின்.

இறக்கையைக் குறைக்கலாம், வாலைக் குறைக்கலாம். ஓட்டுபவரைக் குறைக்க இயலுமோ? அளவைப் பாதியாக்கினால் இறக்கைப் பரப்பு கால் பங்காகும். உள்ளிடமோ அரைக்கால் பங்காகிவிடும். அந்த அரைக்காலுக்குள் ஆறடி மனிதர் ஆறடியாகவே வந்து அமர்வார்! அதனால் இத்தகைய விமானங்கள் சிலவற்றில் கண்ணாடிக் கூண்டு மட்டும் அளவுக்கு மிஞ்சிப் புடைத்து நிற்கும். 1974-இல் அமெரிக்காவில் பறந்த பாதியளவுப் போக்கவுல்ப் 190-உம் இத்தொல்லைக்கு விலக்கன்று. அது ஜெர்மானியரின் போர்விமானம். முப்பதாண்டுகளுக்கு முன் அமெரிக்கரைச் சுட்டு வீழ்த்தியது. அதையே அவர்கள் ஆசையோடு கட்டினர்.

எமக்கு அந்த ஆசை எளிதில் வரவில்லை. ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தில் 1942 ஏப்ரலில் சென்னையை விட்டு மக்கள் திரள்திரளாக வெளியேறினரே, அவர்களுள் எம் தாயாரும் ஒருவர். விமான ஓசை கேட்டால் இறுதிவரை வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். கொல்லப் பிறந்த பொறியை விளையாட்டாக்கலாமா என்று எம்முள் ஓர் உறுத்தல். பேரனிடம் இதைச் சொல்லவில்லை.

சென்ற வாரம் தன் விமானத்தின் படத்தை வரைந்து கொணர்ந்தான். கூண்டில் அமர்ந்திருப்பவன் அவனே. இறக்கையில் துப்பாக்கிகளைக் காணோம்.

"மறந்துவிட்டாயா?" என்றோம்.

"இல்லை தாத்தா, எடை கூடிவிடும்" என்றான்.