தண்ணீருக்கு உடையவர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய நீச்சல் குளம் வீட்டில் இருந்தால் போதும், உடையவர் அதை அரசிடம் பதிய வேண்டும். சுற்றிலும் 1.2 மீட்டர் உயர வேலி கட்டாயம். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, கையை எடுத்ததும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். மயங்கியவருக்கு மூச்சு மீட்கும் முறையை எழுதிய பலகை குளத்தருகே இருக்க வேண்டும். வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ சான்றிதழ் கேட்பார்கள்.

சிட்னியில் என் மகள் வீட்டில் இதையெல்லாம் நேரில் பார்த்தேன். மருமகன் தினமும் காலையில் வேலியைச் சுற்றி வருவார். நாற்காலி, பூந்தொட்டி, பேரனின் சைக்கிள் என்று எது வேலியோரம் கிடந்தாலும் தள்ளி வைப்பார். "அதுமேல ஏறித்தான் மாமா பிள்ளைங்க உள்ள குதிக்கும்" என்றார். பிறகு ஒரு சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டுமாம். கிருமிக்காக மட்டும் இல்லை இந்தக் கவனம். தண்ணீர் பச்சையாகிவிட்டால் அடியில் கிடக்கும் குழந்தை கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வீட்டுக்கு நீச்சல் குளம் கட்டியவர்கள் அபூர்வம். ஆனால் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறுகள் உண்டு. விளிம்பு வரை புல் மண்டி, பாசி மூடி, எது தரை, எது தண்ணீர் என்று தெரியாமல் கிடப்பவை. தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறு அதைவிடக் கொடியது. மோட்டாரையும் குழாயையும் உருவி எடுத்துக்கொண்டு, வாயில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். மழையில் சாக்கு இற்றுப்போகும்.

2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு குழியில் விழுந்தது. தமிழ்நாடே தூங்காமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. 29ஆம் தேதி உடலைத்தான் எடுக்க முடிந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2010இல், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்வேலி போட வேண்டும், குழாயைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும்.

விபத்து நடந்தால் நம் ஊரில் முதலில் எழும் பேச்சு, "தாய்க்காரி பார்த்துக்கிட்டு இருக்க வேணாமா?" என்பதுதான். எனக்கு இது ஆறவே ஆறாத கோபம். சமைப்பவளால், களை எடுப்பவளால், ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் இருக்க முடியுமா? குழியைத் தோண்டியவர், தண்ணீரை அனுபவித்தவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் வேலிச் சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்பும் அந்த ஒரே ஆளைத்தான் கேட்கின்றன.

உங்கள் கொல்லையில் வற்றிய குழி இருந்தால் இந்த வாரமே மண்ணடித்து மூடுங்கள். கிணற்றுக்குச் சுவர் எழுப்பப் பணம் போதாவிட்டால் கம்பிவலையாவது போடுங்கள். அடுத்தவர் நிலத்தில் திறந்த குழியைக் கண்டால், உறவு கெட்டுவிடும் என்று தயங்காமல் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.