வாயப்பயம்

எங்கள் சேரிப் பையனுக்கு வயது ஐந்து. திக்கித் திக்கிப் பேசுகிறான் என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போனோம். வாழைப்பழப் படத்தைக் காட்டினார், 'வாயப்பயம்' என்றான். 'ழ' வரவில்லை என்று அதையும் குறையாக எழுதிக்கொண்டார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறோம், தோழர்களே. எங்களுக்கு என்ன சிகிச்சை?

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்காண்டுப் படிப்பு, அதில் ஓராண்டு நேரடிப் பயிற்சி. தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். வட்டார வழக்கு வேறு, பேச்சுக் குறைபாடு வேறு என்று பிரித்தறிவது இந்தத் தொழிலின் அடிப்படைத் தேர்ச்சி. வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திக்கலுக்கு நேரமே மிஞ்சவில்லை.

இந்த ஆண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக் கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.