நீலி ஏன் அழுதாள்?

ஒரு பெண் அழுதால், "போதும், நீலிக் கண்ணீர் வடிக்காதே!" என்று சொல்லி நாம் வெகு சுலபமாய் வாயை அடைத்துவிடுகிறோம். அந்த நீலி யார், எதற்காக அழுதாள் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. நடராஜப் பெருமானின் ரத்தின சபை உள்ள தலம். அதை அடுத்த பழையனூர்தான் நீலி கதை நடந்த ஊர்.

கதையைப் பலவிதமாய்ச் சொல்வார்கள். சாரம் இதுதான்: ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் காட்டு வழியில் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாய் வரும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிடுகிறார்" என்று பழையனூர்ச் சபையில் அழுகிறாள். அவனோ நடுங்குகிறான். "உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்களித்து, 70 வேளாளர்கள் அவனை அவளோடு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் பிணம்! சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்களாம். 7-ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே இக்கதையின் குறிப்பு உண்டு.

என் பாட்டி இதைச் சொல்லும்போது அந்த எழுபது பேருக்காகத்தான் உச்சுக் கொட்டுவாள். முதலில் நடந்த கொலையை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவாள்!

கிரேக்கர்களின் புராணத்திலும் பழிவாங்கும் தேவதைகள் உண்டு. எரின்யூஸ் என்று பெயர். தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸை அவர்கள் துரத்தும் கதையை எஸ்கிலஸ் கி.மு. 458-இல் ஏதென்ஸ் நகரில் நாடகமாக்கினார். "புருஷனைக் கொன்றாளே இவன் தாய், அவளை ஏன் விட்டீர்கள்?" என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. "கணவனும் மனைவியும் ரத்த உறவு அல்லவே!" என்பது தேவதைகளின் பதில். அந்தச் சட்டப்படி பார்த்தால், கணவன் கையால் மாண்ட மனைவிக்காகவும் அவர்கள் வரப் போவதில்லை.

நீலிக்காகவும் யாரும் வரவில்லை. அவளே வர வேண்டியிருந்தது. சபையில் ஏறாத வழக்குகள்தாம் நாளடைவில் பேய்க் கதைகளாகப் பிறக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடகத்தின் முடிவில் கிரேக்கத் தேவதைகளுக்கு ஏதென்ஸில் கோயிலும் மரியாதையும் கிடைக்கின்றன. பழையனூர் வேளாளர்களுக்கோ அழியாத புகழ். நீலிக்குக் கிடைத்தது ஒரு வசைமொழிதான். யோசித்துப் பாருங்கள்: அவள் அன்று சபையில் காட்டியதில் பொய், அந்தக் கள்ளிக் குழந்தை ஒன்றுதான். கண்ணீர் நிஜம்.