பெட்டிக்குள் ஒரு விருந்து

பிரான்ஸ் நாட்டின் ஜூரா மலைப்பகுதியில் கோடையில் பால் பெருகும். ஏறத்தாழ 400 லிட்டர் பாலைக்கொண்டு ‘கோம்தே’ என்னும் பெரிய பாலாடைக்கட்டி ஒன்றைச் செய்வார்கள். குளிர்காலத்திலோ பால் குறைந்துவிடும். அதற்காக அங்குள்ள விவசாயிகள் கைகட்டி நிற்கவில்லை. கிடைத்த பாலில் ‘மோன் தோர்’ என்னும் சிறிய, மென்மையான பாலாடைக்கட்டியைச் செய்தார்கள். அது குழைந்து சரியாமலிருக்க, மரப்பட்டையைச் சுற்றி மரப்பெட்டியில் வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் காலத்தில் விருந்தினர் வந்தால், அந்தப் பாலாடைக்கட்டியில் பூண்டுப் பற்களைச் செருகுவார்கள். பெட்டியோடு அலுமினியத் தாளில் சுற்றி, 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் ஓவனில் வைப்பார்கள். உருகியதும், பெட்டியை மேசையின் நடுவில் வைத்து, ரொட்டித் துண்டுகளைத் தோய்த்து அனைவரும் உண்பார்கள்.

பால் குறைந்த காலத்தில் பிறந்த உணவே இன்று விருந்தைத் தொடங்கி வைக்கிறது. கையிருப்பு குறையலாம், விருந்தோம்பல் குறைய வேண்டியதில்லை.